வரிசைக்குள் நிற்பவர்களுக்கு, உச்சிமாடியிலிருந்து

லண்டன் ராயல் பாலே குழுவில், இந்தியாவில் நடப்பதாகச் சொல்லும் 'லா பயாதேர்' (கோயில் நடனக்காரி) பாலேயின் இரண்டாம் அங்கத்தில், இறந்தவர்களின் நிழல்களாக ஆடும் பெண்களுக்கு,

வணக்கம். கோவென்ட் கார்டன் அரங்கின் உச்சிமாடியில், மலிவான டிக்கெட்டில் உட்கார்ந்து பார்க்கிறவன் எழுதுகிறேன். நாயகிக்குப் பூச்செண்டு வரும். மறுநாள் விமர்சனத்தில் பெயர் வரும். நீங்கள் 24 பேர் சேர்ந்து செய்வதையோ உங்களில் ஒருவராலும் பார்க்கக்கூட முடியாது. வரிசைக்குள் இருப்பவளுக்கு முன்னால் போகிறவளின் முதுகுதான் தெரியும். மேலே இருக்கும் எங்களுக்கு முழுசும் தெரிகிறது. அது எப்படி இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்ல வேண்டாமா?

அபினிப் புகையில் மயங்கிக் கிடக்கிறான் வீரன் சொலோர். பாம்பு கடித்து இறந்த தன் காதலி, கோயில் நடனக்காரி நிக்கியாவைத் தேடிப் போகிறது அவன் மனம். மேடையின் பின்கோடியில், சரிவின் உச்சியில், இருட்டிலிருந்து ஒருத்தி வருகிறாள். ஒற்றைக் காலில் ஊன்றி, மற்றதைப் பின்னால் நீட்டி, முன்னே சாய்ந்து ஓர் அராபெஸ்க். பிறகு முதுகை வளைத்து, கையை மேலே தூக்கி, இரண்டு எட்டு. அவ்வளவுதான். அவள் விட்ட இடத்தில் அடுத்தவள் வந்து அதையே செய்கிறாள். பிறகு இன்னொருத்தி. 1877-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதை அமைத்த மரியுஸ் பெட்டிப்பா புதிதாக ஓர் அசைவைக்கூடச் சேர்க்கவில்லை. என்ன துணிச்சல் அந்த மனிதருக்கு! நாலைந்து பேர் வரும்வரை 'அழகாக இருக்கிறதே' என்று பார்ப்போம். பத்துப் பேர் ஆனதும் 'இன்னுமா?' என்று தோன்றும். அதையும் தாண்டினால் எண்ணுவதே நின்றுபோகும். சரிவை விட்டு இறங்கியவர்கள் இடமும் வலமுமாக வளைந்து வரிசை கட்ட, அத்தனை கால்களும் ஒரே நொடியில் எழும்போது, ஆற்று நீரில் காற்று பட்டதுபோல வெள்ளை முழுவதும் ஒருமுறை அசைந்து அடங்குகிறது. கீழே, விலை உயர்ந்த இருக்கைகளில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. பாவம்.

2018-இல் இதே பாலே சினிமா அரங்குகளில் நேரலையாக வந்தது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேமரா ஒரு முகத்தை நெருங்கும்போதெல்லாம் மற்ற 23 பேர் இல்லாமல் போய்விடுகிறார்கள். எங்கே பார்ப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். நேரில் அது என் கண்ணின் உரிமை. வேண்டுமென்றே ஓரத்தில் நிற்பவளைப் பார்ப்பேன். எல்லோரும் காலைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தி நிறுத்தும் இடம் வருமே, அங்கே ஒருத்தியின் கணுக்கால் துடிப்பது பைனாகுலரில் தெரியும். முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரரும் நானும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வோம். வாத்தியங்கள் தணியும்போது உங்கள் ஷூ முனை தரையில் படும் 'டக் டக்' மேலே வரை கேட்கும். முனைக்குள் மரக்கட்டை இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. துணியையும் பசையையும் அடுக்கி இறுக்கிய அந்தக் கூட்டுக்குள் எத்தனை காயங்களோ!

நீங்கள் இறங்கி முடிக்கும்வரை அரங்கில் ஒரு சத்தமும் வராது. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சபாக்களில் வளர்ந்தவன். அங்கே தொடையில் தாளம் போடுவோம், கோர்வை கச்சிதமாக விழுந்தால் நடுவிலேயே 'பலே' என்போம். இங்கே வாயை மூடிக்கொண்டு உட்காருவது எனக்குப் பெரிய சிரமம். ஆனால் அந்த இருமல்கூட இல்லாத அமைதி, கடைசியில் வரும் கைதட்டலைவிடப் பெரிய மரியாதை.

முதல் அங்கத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நெருப்பைச் சுற்றிக் குதிக்கும் பக்கிரிகளைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. இத்தனைக்கும் 1838-இல் திருவந்திபுரத்துக் கோயில் நடனப் பெண்கள் பாரிசிலும், பிறகு இதே லண்டனில் அடெல்பி அரங்கிலும் நேரிலேயே ஆடிக் காட்டினார்கள். அந்தப் பெயருள்ள அரங்கு இன்றும் ஸ்ட்ராண்ட் தெருவில், உங்கள் வாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. பாரிசில் அவர்களைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே. அவர் கதை எழுதி 1858-இல் மேடையேறிய சகுந்தலை பாலேக்கு நடனம் அமைத்தவர், பெட்டிப்பாவின் அண்ணன் லூசியான். அவ்வளவு அருகே வந்தும் கடைசியில் மிஞ்சியது பக்கிரிகள்தான். அது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். நீங்கள் வரும் அங்கத்தில் அந்த வேஷமெல்லாம் கழன்றுவிடுகிறது; வெள்ளை உடையும் நடையும் மட்டும் நிற்கின்றன. நான் திரும்பத் திரும்ப வருவது அதற்காகத்தான்.

ஒன்று கேட்க வேண்டும். முதலில் இறங்குபவளுக்குத்தான் எல்லோரையும்விட அதிக அராபெஸ்க். அவளுக்கு முன்னால் முதுகும் கிடையாது. சரிவில், கண்ணில் விளக்கு அடிக்க, எதைப் பார்த்துக்கொண்டு அவள் நிலை தவறாமல் நிற்கிறாள்? ஒத்திகைகளுக்கு நடுவில் நேரம் கிடைத்தால் அதை மட்டுமாவது எழுதுங்கள்.

அன்புடன்,
உச்சிமாடி ரசிகன்