நாடு சொல்லாத ஒற்றர்கள்: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நவம்பர் இறுதியில், ருமேனிய இயக்குநர் இயோன் போபெஸ்கு-கோபோவின் நினைவு நாளையொட்டி, அவருடைய வசனமில்லா நகைச்சுவைப் படமான ‘ஒரு குண்டு திருடப்பட்டது’ படத்தைத் திரையிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. நமக்குள் நடந்த மற்றவற்றைப் பலரும் படிக்கும் இந்த இடத்தில் எழுதுவது முறையல்ல. படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும்: ஓர் அப்பாவியின் கையில் அணுகுண்டு உள்ள பை சிக்கிக்கொள்ள, ஒற்றர்கள் அவனைத் துரத்துகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது நாம் அதைப் பார்த்த உங்கள் மாடி அறைதான். அணுகுண்டுச் சோதனை வெளியில் நாயகனாக நடித்த யூரியே தாரியே ஒரு பூவைப் பறிக்கப்போய் மாட்டிக்கொள்ளும் இடத்தில், “வசனம்தான் கிடையாதே, சத்தம் எதற்கு?” என்று நீங்கள் எட்டி ஒலியை நிறுத்தினீர்கள். சற்று நேரத்தில் நகைச்சுவை முழுவதும் வடிந்துபோயிற்று. துமித்ரு கப்போயானுவின் இசை இல்லாமல், துரத்துகிறவர்களும் ஓடுகிறவனும் வெறுமனே அவசரத்தில் இருப்பவர்களாகத் தெரிந்தார்கள். பேச்சில்லாத படம் வேறு, ஊமைப்படம் வேறு என்பதை நான் சொல்வதற்கு முன்பே நீங்கள் சிரித்துக்கொண்டு ஒலியைக் கூட்டிவிட்டீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே உங்களிடம் எவ்வளவோ பொறுத்துப் போயிருக்கிறேன். ஆனால், அப்படி ரசித்தவரே அடுத்த கூட்டத்தில் இளைஞர்கள் முன்னிலையில் இதைக் கோழையின் படம் என்று சொல்லி, மறுத்துப் பேசிய என்னைக் கேலி செய்ததைப் பொறுக்க முடியவில்லை. அன்று நான் குரலை உயர்த்தியதற்கு வருந்துகிறேன். உயர்த்த வைத்தவர் நீங்கள் என்பதும் உண்மை.

உங்கள் வாதம் எளியதன்று. செகுரிதாதே என்ற இரகசியக் காவல்துறை 1948 முதல் இயங்கிவந்த, 1964-இன் பொதுமன்னிப்பு வரை அரசியல் கைதிகள் சிறைகளில் வாடிய ருமேனியாவில், எந்த அரசுக்கு வேலை செய்கிறார்கள் என்றே தெரியாத ஒற்றர்களை வைத்துச் சிரிப்பு மூட்டுவது வசதியான தந்திரம் என்றீர்கள். மொழி இல்லையென்றால் குற்றச்சாட்டும் இல்லை என்றீர்கள்.

அப்படியானால் 1957-இல் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது பெற்ற கோபோவின் கேலிச்சித்திரப் படத்தை என்ன செய்வது? அதிலும் நாயகனான ஆடையில்லாக் குட்டி மனிதன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவன் கையிலும் பூதான் இருக்கிறது. வாய் பேசாமல் கதை சொல்வது கோபோ வரைமேசையில் பழகிக்கொண்ட வழக்கம்; தப்பித்துக்கொள்வதற்காக இந்தப் படத்தில் கண்டுபிடித்ததன்று. மேலும், நாட்டின் பெயரைச் சொல்லாததால் தப்பிப்பது மேற்குலகம் மட்டுமன்று என்றால், மாட்டிக்கொள்வதும் மேற்குலகம் மட்டுமன்று. 1961 அக்டோபரில் மனித வரலாற்றின் மிகப் பெரிய அணுகுண்டை வெடித்தது சோவியத் ஒன்றியம். அதன் தலைமையிலான வார்சா உடன்படிக்கை என்ற இராணுவக் கூட்டணியில் இருந்த ருமேனியாவிலிருந்து, எல்லாருடைய குண்டையும் ஒரே பைக்குள் போட்டுக் கேலி செய்யும் படம் அடுத்த ஆண்டு கான் போட்டிக்குப் போனது. பூவோடு நிற்கும் அப்பாவியைச் சந்தேகிக்கும் அதிகாரத்தைப் பார்த்து, புகாரெஸ்ட் அரங்குகளில் இருந்தவர்கள் வாஷிங்டனை மட்டுமா நினைத்திருப்பார்கள்?

படத்தின் முடிவைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னதே சரி. அழிவுக்குச் செய்த பொருள் மக்களின் நன்மைக்குப் பயன்படும் என்ற அந்த நம்பிக்கை அப்போது பனிப்போரின் இரு முகாம்களும் மேடைதோறும் பேசியதுதான். அங்கே கோபோ அரசுக்கு எவ்விதச் சங்கடமும் தரவில்லை. அவர் இறந்து ஒரு மாதம் முடிவதற்குள், 1989 டிசம்பர் 22 அன்று, ருமேனியச் சர்வாதிகாரி சௌசெஸ்கு ஹெலிகாப்டரில் ஏறித் தப்பியோடினார். அதைப் பார்க்கக் கோபோ இருந்திருந்தால் என்ன படம் எடுத்திருப்பார் என்று என்னிடம் ஒருமுறை கேட்டீர்கள். எடுக்காத படத்தை வைத்து எடுத்த படத்துக்குத் தீர்ப்பு வழங்குவது உங்கள் பழக்கம்.

திரையிடலில் அறிமுக உரை நான் ஆற்றப் போவதில்லை. நீங்கள் வந்து ஆற்றுங்கள். எதிர்த்தே பேசுங்கள், படம் முடிந்த பிறகு நான் பதில் சொல்கிறேன்.

தம்பி