வலிப்பு மாத்திரையே வலிப்பைக் கூட்டும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வலிப்பு என்றாலே ‘மூளையில் கரண்ட் கூடிவிட்டது’ என்று எழுதிவிடுகிறோம். குழந்தைகளுக்கு வரும் ட்ராவே நோய்க்குறி என்ற மரபணு வலிப்பு நோயில் நடப்பது வேறு. அங்கே முதலில் பழுதாவது பிரேக்.

மூளை செல்களில் தூண்டுபவை உண்டு. ‘காபா’ என்ற வேதிப்பொருளைச் சுரந்து அடக்குபவையும் உண்டு; இவைதான் அந்த பிரேக். சோடியம் அயனி உள்ளே பாய்ந்தால்தான் இரண்டுமே சமிக்ஞை அனுப்பும். அது உள்ளே நுழையும் வழிதான் சோடியம் வாயில். அடக்கும் செல்கள் பெரிதும் நம்பியிருக்கும் சோடியம் வாயிலை உருவாக்குவது எஸ்சிஎன்1ஏ மரபணு. அதன் இரு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும், அடக்கும் செல்கள் சோர்ந்துவிடும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கேட்டரால் குழு 2006இல் எலிகளில் இதைக் காட்டியது.

கார்பமசெபைன், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் மூன்றும் சோடியம் வாயிலை அடைப்பவை. பலருக்கு நல்ல மருந்துகள்தான். ஆனால் ட்ராவே குழந்தைக்குத் தொடர்ந்து கொடுத்தால், மிச்சமிருக்கும் பிரேக்கும் தளர்ந்து வலிப்பு கூடலாம். பொதுவாக வால்புரோயேட், குளோபசாம் ஆகியவற்றில்தான் தொடங்குவார்கள்.

முதல் வயதுக்குள், காய்ச்சலோடு, உடலின் ஒரு பக்கம் மட்டும் நெடுநேரம் வலிப்பு வெட்டி, அது திரும்பத் திரும்ப வந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தொடக்கத்தில் இஇஜி (மூளை மின்னலைப் பதிவு), எம்ஆர்ஐ இரண்டுமே பெரும்பாலும் சரியாக இருக்கும். அதை வைத்து விட்டுவிடக் கூடாது. மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தவே வேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரக்கூடும்.

வெட்டு 5 நிமிடத்தைத் தாண்டினால், மருத்துவர் எழுதிக் கொடுத்த மிடசோலம் ஸ்ப்ரேயை மூக்கில் அடித்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழையுங்கள். கையில் சாவி திணிப்பதால் எந்த வாயிலும் மூடாது.