எழுதும் வேகம் பாதியில் படுத்துவிடும் எஸ்எஸ்டி: நீங்களாக மூடிய டிக்கெட்டைத் திறந்து பதில் சொல்லுங்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: கணினியில் டேட்டாவைச் சேமிக்கும் 1 டிபி எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி டிரைவின் ரைட் ஸ்பீடு (எழுதும் வேகம்) சரிவது, வாரன்டி மறுக்கப்பட்டது, உங்கள் ஊழியர் பேசிய பேச்சு

ஐயா / அம்மா,

வணக்கம். இதைக் கஸ்டமர் கேருக்கு அனுப்பாமல் நேராக உங்களுக்கு அனுப்புகிறேன், ஏனென்றால் அவர்களிடம் சொல்ல இனி என்னிடம் எதுவும் மிச்சமில்லை. ஒவ்வொரு தடவையும் புது ஆள், புது டிக்கெட் எண், மறுபடி முதலிலிருந்து கதை. முந்தைய டிக்கெட்டைப் பாருங்கள் என்றால் "எங்களுக்கு அது தெரியாது மேடம், நீங்களே சொல்லுங்கள்" என்கிறார்கள். மாடல் எண், சீரியல் எண், பில், ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் அந்தப் பழைய டிக்கெட்டுகளில்தான் கிடக்கின்றன, தயவுசெய்து அங்கே எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவ் எப்படி வேலை செய்யும் என்று நான் விளக்கப் போவதில்லை, செய்தவர்கள் நீங்கள்.

பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோ எடிட்டிங் என் தொழில். முடிந்த வேலைகளை ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வைப்பேன், ஒரு ஃபோல்டர் சாதாரணமாக 200 ஜிபி வரும். உங்கள் டிரைவுக்குக் காப்பி போட்டதும் விநாடிக்கு 2,000 எம்பிக்கு மேல் பறக்கிறது, பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. 40 ஜிபி சுமார் போனதும் காப்பி ஜன்னலில் இருக்கிற அந்தப் பச்சை வரைபடம் செங்குத்தாக விழுந்து 70, 80 எம்பியில் படுத்துவிடுகிறது. அப்புறம் எழுந்திருப்பதே இல்லை. நடுநடுவே பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வேறு வருகிறது, அந்த நேரத்தில் அதே டிரைவில் வேறு ஒரு ஃபைலைத் திறந்தால் எடிட்டிங் சாஃப்ட்வேர் உறைந்து நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய காப்பி அரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கே 150 எம்பி எழுதும் ஐயா. பெட்டியில் 3,500 என்று அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்தவர்கள் நீங்கள்.

எஸ்எல்சி கேஷ், அதாவது எழுதுவதை முதலில் வேகமாக வாங்கி வைத்துக்கொள்ளும் பகுதி, தீர்ந்ததும் வேகம் குறையும் என்பது எனக்குத் தெரியும். எல்லா டிரைவிலும் குறையும். எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி, அதைப் பற்றிச் சொல்லப் பிறகு வருகிறேன்.

இதற்கு நடுவில் உங்கள் கஸ்டமர் கேர் எனக்குக் கொடுத்த வைத்தியங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் டிஃப்ராக், அதாவது சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் வேலையை, ஓட்டச் சொன்னார். எஸ்எஸ்டி விற்கிற கம்பெனியின் ஆள், எஸ்எஸ்டிக்கு டிஃப்ராக் ஓட்டச் சொல்கிறார், அதனால் வேகம் கூடாது, டேட்டாவை வைத்திருக்கும் செல்களின் ஆயுள்தான் வீணாகத் தேயும் என்று வாடிக்கையாளர் நான் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொருவர் வேறு வகை டிரைவுகளை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னார். எம்.2 டிரைவுக்கு எந்தக் கேபிள்? மதர்போர்டில் நேராகச் செருகி ஒரு ஸ்க்ரூவைத் திருகுகிற சாமானுக்கு எதை நான் மாற்றுவது? இதைக் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. தற்செயலாகக் கட்டாகியிருக்கும் என்று நம்பவே விரும்புகிறேன்.

ஆனால் அவர்கள் எல்லாம் தெரியாமல் சொன்னவர்கள், மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத ஒருவர் இருக்கிறார். நான் பிசிஐஇ லிங்க் (டிரைவும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதை) 3.0, நான்கு லேனிலும் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, "மேடம், வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த சார் யாராவது இருந்தால் போனை அவர்களிடம் கொடுங்கள்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான்தான் என்றேன். சிரித்தார். "சரி, அப்படியென்றால் இவ்வளவு பெரிய ஃபைலை ஒரே அடியாகக் காப்பி பண்ணாதீர்கள், மெதுவாகாது" என்றார். உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுவதாக ஒவ்வொரு தடவையும் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை கூடக் குறைவாக இருந்தால் இந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நான் பார்த்ததெல்லாம் இதோ, இனி யாரும் மறுபடி இதையே கேட்டு மெயில் அனுப்ப வேண்டாம். டிரிம் (அழித்த இடம் எது என்று டிரைவுக்குத் தெரிவிக்கும் வசதி) இயங்குகிறது, கமாண்ட் அடித்துப் பார்த்ததில் 0 என்று வந்தது, 0 என்றால் ஆன். டிவைஸ் மேனேஜரில் ரைட் கேஷிங் ஆன். பார்ட்டிஷன் அலைன்மென்ட் சரி, ஆஃப்செட் 4,096 ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. பயாஸ் புதுசு, உங்கள் சொந்த டூல் ஃபர்ம்வேருக்கு (டிரைவுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் எதுவும் இல்லை என்கிறது. காப்பி நடக்கும்போது வெப்பம் 58 டிகிரி, ஹீட்சிங்க் போட்டிருக்கிறேன், ஆகவே சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று கதை விட முடியாது. டிரைவ் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் தேய்மானம் 2 சதவீதம், மீடியா எரர் 0. ஆன்டிவைரஸை நிறுத்தியும் பார்த்தாயிற்று. பிட்லாக்கர் என்க்ரிப்ஷன் இல்லை. டிரைவில் பாதிகூட நிரம்பவில்லை. ஸ்லாட்டை மாற்றினேன், கணினியையே மாற்றினேன், லினக்ஸில் பூட் செய்தும் எழுதிப் பார்த்தேன், எங்கே போனாலும் அதே இடத்தில் விழுகிறது. அதே ஸ்லாட்டில் வேறு கம்பெனி டிரைவைப் போட்டு அதே ஃபோல்டரைக் கொடுத்தால் சமர்த்தாக எழுதி முடிக்கிறது. இதற்குப் பிறகும் விண்டோஸைத் திரும்பப் போடுங்கள் என்று பதில் வருகிறது. போட்டேன். அதற்கும் ஒரு நாள் போயிற்று. ஒன்றும் மாறவில்லை.

சர்வீஸ் சென்டர் கதைக்கு வருகிறேன். டிரைவை மட்டும் கொண்டு போனால் கணினியோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த டவரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிப் போனால், கவுன்ட்டரில் இருந்தவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதை எதற்குத் தூக்கி வந்தீர்கள், டிரைவ் மட்டும் போதுமே" என்கிறார். கொண்டு வரச் சொன்னது யார் என்று கேட்டேன், "அவர் இன்று லீவு." சரி, டிரைவைக் கழற்றிக் கொடுத்தேன். கழற்ற ஸ்க்ரூடிரைவர் கூட அவரிடம் இல்லை, பக்கத்தில் காத்திருந்த ஒரு புண்ணியவான் கொடுத்தார்.

அவர்கள் செய்த சோதனை என்ன தெரியுமா? முதல் வேலையாக டிரைவை ஃபார்மட் அடித்தார்கள். என்னிடம் கேட்கவில்லை, ஒரு கையெழுத்து வாங்கவில்லை. டேட்டாவை நான் வேறு இடத்தில் வைத்திருந்ததால் தப்பித்தேன், அது உங்கள் புண்ணியத்தால் அல்ல. பிறகு அந்தக் காலி டிரைவில் வேகம் அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கை அப்படியே 1 ஜிபி அளவில் ஓட்டி, 3,400 வந்ததும் "பழுது எதுவும் இல்லை" என்று ஒரு தாளில் சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். காலி டிரைவில் 1 ஜிபி எழுதினால் அது முழுக்கக் கேஷுக்குள்ளேயே முடிந்துவிடும், கேஷ் தாண்டி என்ன நடக்கிறது என்பது அதில் தெரியவே தெரியாது. என் புகாரே கேஷ் தாண்டியதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றித்தான். வாசல் வரைக்கும் தார் போட்டுவிட்டு உள்ளே முழுக்கச் சேறாக இருக்கிற தெருவை வாசலில் நின்று பார்த்து ரோடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது போல இருக்கிறது உங்கள் சான்றிதழ். 200 ஜிபி எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டேன். "அதற்கெல்லாம் எங்களுக்கு நேரம் இல்லை மேடம்." அவர்கள் டிரைவுதான் அவர்களுக்கே நேரம் இல்லாமல் செய்கிறது, அது அவருக்குப் புரியவில்லை.

அந்தத் தாளைக் காட்டித்தான் வாரன்டியை மறுக்கிறீர்கள். டிக்கெட்டைத் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று அதே நாளில் மெயில். அந்த மெயிலைப் பார்த்தபோது அந்த "கம்ப்யூட்டர் தெரிந்த சார்" பேச்சு மறுபடி காதில் விழுந்தது. சொல்கிறேன், அவரை வேலையை விட்டு எடுங்கள் என்று நான் கேட்கவில்லை, யார் வயிற்றிலும் அடிக்கிற எண்ணம் எனக்கில்லை. என்னைக் கூப்பிட்டு அவர் மன்னிப்புக் கேட்டால் போதும்.

இப்போது பிறகு வருகிறேன் என்று சொன்ன கேள்வி. இதே மாடல் டிரைவ் என்னிடம் முன்பே ஒன்று இருக்கிறது, அது நன்றாக இருந்ததால்தான் இதையும் வாங்கினேன். அந்தப் பழைய டிரைவில் இதே ஃபோல்டரைப் போட்டால் கேஷ் தீர்ந்த பிறகும் 500 எம்பிக்குக் கீழே போவதில்லை. பெட்டி அதே பெட்டி, மாடல் எண் அதே எண், எழுதியிருக்கிற வேகம் அதே வேகம். ஆனால் லேபிளில் ஃபர்ம்வேர் எண் வேறு மாதிரி ஆரம்பிக்கிறது, போர்டில் சிப்புகள் உட்கார்ந்திருக்கிற இடமும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோவை அனுப்பியிருக்கிறேன். அதைத் திறந்து பார்த்ததாகக் கூட ஒருவரும் சொல்லவில்லை.

என் சந்தேகத்தை நேராகவே கேட்கிறேன். பழையதில் ஒரு செல்லுக்கு 3 பிட் வைக்கிற டிஎல்சி ஃபிளாஷ் மெமரியைப் போட்டு நல்ல பெயர் வாங்கிவிட்டு, புதியதில் 4 பிட் வைக்கிற, அதைவிட மெதுவாக எழுதும் க்யூஎல்சியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டீர்களா? மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை, மாற்றினால் மாடல் எண்ணையும் மாற்றுங்கள் என்கிறேன். 2021-ல் பெயர்பெற்ற சில கம்பெனிகள் இதே மாதிரி உள்ளே இருப்பதை மாற்றிவிட்டு அதே பெயரில் விற்றது செய்தியாக வந்து நாறியது, அதை உங்கள் தொழிலில் இருக்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். என் சீரியல் எண்ணைத் தட்டினால் உள்ளே என்ன ஃபிளாஷ் என்று உங்களுக்கு ஒரு நொடியில் தெரியும். இந்த ஒரு கேள்விக்கு "உங்கள் கருத்துக்கு நன்றி" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. ஒன்றும் மாறவில்லை என்றால் மாறவில்லை என்று சொல்லிவிட்டுப் போக எத்தனை நேரம் ஆகும்?

இந்த டிரைவால் எனக்கு ஆன நஷ்டத்தைச் சொல்லி மாளாது. ஒரு வாடிக்கையாளர் ஃபைலை வாங்க வந்து உட்கார்ந்துவிட்டார், காப்பி 80 எம்பியில் ஊர்ந்துகொண்டிருந்தது, அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பரவாயில்லை, வேலை முடிந்ததும் சொல்லுங்கள்" என்று எழுந்து போனார். அப்புறம் வரவேயில்லை. அடுத்த வேலையை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இத்தனை வருடம் கண்விழித்து நான் சம்பாதித்த பெயர் மொத்தமும் உங்கள் ஒரு டிரைவில் போயிற்று. தூக்கம் போயிற்று. வீட்டில் யாரும் என்னோடு பேசப் பயப்படுகிறார்கள். இதற்கெல்லாம் எந்த வாரன்டி அட்டையில் இடம் இருக்கிறது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பழையதில் இருக்கிற அதே வகை ஃபிளாஷ் உள்ள டிரைவைக் கொடுங்கள், அது உங்களிடம் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். ரீஃபர்பிஷ் செய்த டிரைவை அனுப்பி என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள். உள்ளே என்ன ஃபிளாஷ் என்பதை எழுத்தில் கொடுங்கள், போனில் வேண்டாம். கேட்காமல் ஃபார்மட் அடித்ததற்கு அந்த சர்வீஸ் சென்டரும் எழுத்தில் விளக்கம் தரட்டும், அவர்கள் அப்படி அழித்தது வேறு ஒருவருடைய ஒரே காப்பியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

நீங்கள் இந்தப் பொறுப்புக்குப் புதியவராக இருக்கலாம், இதில் எதுவுமே உங்கள் மேசைக்கு வராமல் கீழேயே அமுங்கியிருக்கலாம், அப்படியானால் கோபமாக எழுதியதற்குத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் நேர்மையான பதில் வரும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் 15 நாட்களுக்குள் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன், வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, மனு எழுதித் தயாராக இருக்கிறது. இரண்டு டிரைவையும் ஒரே மேசையில் வைத்து 200 ஜிபி காப்பி ஓடுவதை முதலிலிருந்து கடைசிவரை வெட்டாமல் வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறேன். அரை மணி நேர வீடியோ, போரடிக்கும், ஆனால் வாங்க நினைக்கிறவர்கள் பொறுமையாகப் பார்ப்பார்கள். எடிட்டிங் என் தொழில் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.

இணைப்பு: பில், சீல் வைத்த அந்தத் தாள், ஸ்மார்ட் ரிப்போர்ட், இரண்டு டிரைவ்களின் போட்டோ, காப்பி வரைபடத்தின் ஸ்க்ரீன்ஷாட்டுகள்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவை நம்பி இரண்டாவதும் வாங்கிய வாடிக்கையாளர்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்குப் புது டிக்கெட் எண் போட வேண்டாம், பழையதையே திறங்கள். போனில் கூப்பிடுவதாக இருந்தால் மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள், காலையில் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்.