ஜவ்வரிசிக் கஞ்சியும் டெய்லர் டேப்பும்

அடியே மல்லி,

ரெண்டு மாசமா பதில் போடலன்னு திட்டாத. சேலத்து வெயில் மண்டைய பொளக்குது, ஞாயித்துக்கிழமை ஏற்காடு ஏறலாம்னா ஊரே அங்கதான் இருக்கு. இதுக்கு நடுவுல நர்ஸுங்களுக்கும் டூட்டி டாக்டருங்களுக்கும் சாப்பாட்ட பத்தி கிளாஸ் எடுன்னு என் தலையில கட்டிட்டாங்க. அதுவும் மத்தியானம் ரெண்டு மணிக்கு, எல்லாம் கண்ணு சொக்கிட்டு உக்காந்திருக்கும்.

முதல் நாள் ஸ்லைடே போடல. கேன்டீன்ல ஒரு டம்ளர் ஜவ்வரிசிக் கஞ்சி, பால் ஊத்தாதது, வாங்கி மேசைல வச்சு இதுல எவ்ளோ புரோட்டீன்னு கேட்டேன். ஒரு தம்பி அஞ்சு கிராம்னான், ஒரு பொண்ணு எட்டுன்னா. ஒரு கிராம் கூட தேறாதுன்னதும் தூக்கம் போச்சு எல்லாருக்கும். நம்மூரு சேகோ பாக்டரிக்காரங்க கோச்சுக்கட்டும், மரவள்ளிக் கிழங்குலேர்ந்து மாவ மட்டும் பிரிச்செடுத்து செய்யுறதுல வேற என்னடி இருக்கும். ஆபரேஷன் ஆன ஆளுக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 1.2லேர்ந்து 1.5 கிராம் புரோட்டீன் வேணும், 50 கிலோ ஆளுக்கு 60 கிராமாச்சும் போகணும், நாம என்னடான்னா லைட்டா குடுங்கன்னு சொல்லி அஞ்சு நாள் கஞ்சிலயே ஓட்டிடுறோம்.

அப்புறம் அந்த தாத்தா கதையையும் சொல்லிட்டேன். ஞாபகம் இருக்கா, நாம முதல்ல வேலை பார்த்த இடத்துக்கு மலை மேலேர்ந்து வந்தாரே, பத்து நாளா தண்ணி தவிர எதுவும் உள்ள இறங்காம, 38 கிலோ. பாவம்னு பார்த்து முதல் நாளே ட்யூப்ல 1800 கலோரி எழுதினது நான்தான், கூட குளுக்கோஸ் ட்ரிப் வேற. மூணாம் நாள் மூச்சு வாங்குது, பாஸ்பேட் பாக்கணும்னு அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தோணல, பாத்தா 0.9, ரொம்ப ரொம்பக் கம்மி. பட்டினி கெடந்த உடம்புல திடீர்னு சர்க்கரை ஏறுனா இன்சுலின் கெளம்பி பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாத்தையும் ரத்தத்துலேர்ந்து செல்லுக்குள்ள இழுத்துக்கும், ஹார்ட் திணறிடும். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு வெளிய வந்த கைதிங்க வயிறார சாப்பிட்ட பிறகு செத்தாங்களே, அதேதான். பிரிட்டன்ல வைத்தியத்துக்கு வழிகாட்டி போடுற நைஸ் அமைப்பு 2006லயே சொல்லிட்டாங்க, இப்படிப்பட்டவங்களுக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல ஆரம்பிக்காத, தயமின, அதான் வைட்டமின் பி1, முன்னாடியே குடுன்னு. கணக்கு போட்டா 380. நான் எழுதினது 1800! பொழச்சுட்டாரு, ஐசியூல ஒம்போது நாள். அவரு மகன் வந்து "பசியில கெடந்தவருக்கு சோறு போட்டா தப்புங்களா"ன்னு கேட்டது இன்னும் காதுலயே இருக்குடி.

தயமின்னதும் குன்னூர எடுத்து விட்டேன், 1918ல மெக்காரிசன்னு ஒரு டாக்டர் அங்க ஒரே ரூம்ல, தயமின் கொறஞ்சா வர்ற பெரிபெரி நோய பத்தி ஆராய்ச்சி ஆரம்பிச்சு, அதுதான் 1958ல ஹைதராபாத் போயி இப்ப தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், என்.ஐ.என்.னு நிக்குதுன்னு. பாதி பேருக்கு நம்ம நீலகிரி கதைன்னே தெரியல.

வார்டு தராசு ரிப்பேர், கேஸ் ஷீட்ட பொரட்டுனா எல்லாருக்கும் எடை 60, அட்டெண்டர்கிட்ட கேட்டு எழுதினது. அதான் சின்னக்கடை வீதில டெய்லர் டேப் ஒரு டஜன் வாங்கிட்டேன். எழுந்து நிக்க முடியாத ஆளா, மேல்கை சுத்தளவு எடு, 23.5 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா உயரத்துக்கு எடை சரியான்னு பாக்குற பிஎம்ஐ 20க்குள்ளதான் இருக்கும், ஆளு இளைச்சிருக்குன்னு அர்த்தம், உடனே என்ன கூப்பிடுன்னேன். பழகுறதுக்கு ஒருத்தர ஒருத்தர் அளந்தாங்க, ஒரே சிரிப்பு. நைட் டூட்டி பாக்குற ஒரு பொண்ணுக்கு 21. சிரிப்பு நின்னுடுச்சு. நாலு மணிக்குத்தான்கா சாப்பிடுவேன், சில நாள் அதுவும் இல்லன்னா.

உங்க காலேஜுல நியூட்ரிஷன் பேப்பர் முதல் வருஷத்தோட முடிஞ்சுடுதுல்ல, வார்டுக்கு வர்றப்ப துளி கூட ஞாபகம் இல்ல இதுங்களுக்கு. கடைசி வருஷத்துல ஒரு நாள் நான் வந்து எடுக்கட்டுமா, பிரின்சிபால்கிட்ட கேட்டு சொல்லு. மல்கோவா வந்துடுச்சு, ஒரு பெட்டி பஸ்ல போட்டுவிடுறேன், பழுக்க ரெண்டு நாள் ஆகும்.

உன்
சுமதி