தம்பிக்கு, உன் செல் (உயிரணு) படங்கள் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. இன்றைக்கும் பதில் போடாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். இங்கே குளிர்தான் அதிகம், மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

அணுவிசை நுண்ணோக்கியில், அதாவது நுண்ணிய முனையால் தடவி மேடுபள்ளத்தை அளக்கும் கருவியில், நீ எடுத்த படங்களைப் பார்த்தேன். செல்லின் இருபக்கமும் தெரியும் கறுப்புப் பட்டை நிஜமான பள்ளம் இல்லை. வரிவரியாகச் சமன்படுத்தும்போது மென்பொருள் மேடான செல்லையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அந்த வரிகளில் செல் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தளம் கீழே இறங்கிவிடுகிறது. க்விடியன் மென்பொருளில் முதலில் செல்லுக்கு மாஸ்க் போட்டுக் கணக்கிலிருந்து ஒதுக்கு, வெளியே உள்ள தளத்தை மட்டும் வைத்துச் சமன்படுத்து, பிறகு உயரம் எடு. எல்லா மேடும் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் முனை கெட்டுவிட்டது என்று அர்த்தம். எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது, முனையைத் தாங்கும் வளையும் தகடான கேன்டிலீவரை மாற்று.

மென்மை அளப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். உயிருள்ள செல்லுக்கு, விறைப்பு மீட்டருக்கு 0.01 முதல் 0.06 நியூட்டன் வரை உள்ள கேன்டிலீவர் போதும். கேன்டிலீவரின் வளைவைக் காட்டும் லேசர் அளவீட்டை, செல் இருக்கும் அதே திரவத்தில், வெறும் கண்ணாடிமேல் அழுத்திச் சரிபார்; காற்றில் எடுத்த எண் திரவத்தில் செல்லாது. 37 டிகிரி ஹீட்டரைப் போட்டதும் கேன்டிலீவர் வளையும். அது அசையாமல் நிற்கும்வரை பொறு, அரைமணி நேரம்கூட ஆகலாம். செல்லின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தாதே: 5 மைக்ரான் உயரம் என்றால் 500 நானோமீட்டர். அதைத் தாண்டினால் அடியிலுள்ள கண்ணாடியின் கெட்டித்தனமும் சேர்ந்து வரும். செல்லின் மெல்லிய ஓரத்தில் கெட்டித்தன எண் ஏறுவதும் இதனால்தான், அந்தப் புள்ளிகளைச் சராசரியில் சேர்க்காதே. செல்லைப் பதப்படுத்தும் குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனம் போட்ட செல் இறுகிவிடும். அதை உயிருள்ள செல்லோடு ஒப்பிடவே கூடாது.

பக்கத்து அறைக்காரர் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் என் படத்தில் ஒரு கோடு விழுகிறது. நல்ல மனிதர், ஆனால் யாரோடும் பேசமாட்டார். இரவில் அதிர்வு குறைவு, அதனால் பெரும்பாலும் இரவில்தான் வேலை.

உன் கடிதத்தின் ஓரத்தில் அம்மா பென்சிலில் எழுதிய இரண்டு வரியைப் பார்த்ததும் உடனே கிளம்பி வந்துவிடலாம் போல இருந்தது.

அப்பாவின் கண்புரை ஆபரேஷனை எனக்காகத் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரை அளவை டாக்டரிடம் சொல்லித் தேதி வாங்கு. இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்பிவிடுவேன். அதற்காகச் சித்தப்பாவிடம் கேட்காதே. வீட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டுமானால் வரைவை அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா