ரோலர் உருகிய வாரம்

ரங்கூன்,
சனிக்கிழமை மாலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. அப்புறம் நான் திரும்பக் கூப்பிடவில்லை. சிங்கப்பூர் மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே பன்னிரண்டு தாண்டியிருக்கும், பிள்ளை தூங்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நீ தூங்கியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இதை எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, படம் எடுத்து வைபரில் அனுப்பச் சொல்வேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சார்ஜர் விளக்கைத் திட்டு.

"கெடு தாண்டி ஒன்பது நாள் ஆச்சுப்பா. எடிட்டர் மெயில் போட்டிருக்காங்க, திறக்கவே பயமா இருக்கு" என்றாய். நாவல் தாமதமாவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, பாப்பா. அந்த மெயில் திறக்காமல் கிடப்பதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது.

நான் கதை எழுதினவன் இல்லை. பதினேழு வயதில் கம்போசிங் பழக நுழைந்து, அடுத்தவர்கள் எழுதியதை ஈய எழுத்தில் கோர்த்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் புரூஃப் பார்த்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன். எழுத்தாளர்களை மேடையில் பார்த்தவர்கள் இருப்பார்கள். நான் அவர்களைப் பார்த்ததெல்லாம் கெடு நாளன்று, அச்சக வாசலில், கையில் பாதி மேட்டரோடு. அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த ஊரில் தமிழில் தினசரியே வந்தது. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் இளம் வயதில் பத்திரிகை ஆசிரியராக இருந்ததும் இங்கேதான். நான் தொழிலுக்கு வந்தபோது அதெல்லாம் தாத்தாக்கள் சொல்லும் கதையாகிவிட்டது. அறுபதுகளின் நடுவிலேயே தமிழ், சீனப் பத்திரிகைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். எங்களுக்கு வேலை பர்மிய மாத இதழ்கள்தான். தமிழ் என்றால் கல்யாணப் பத்திரிகை, கருமாதி ஓலை, கோயில் திருவிழா நோட்டீஸ்.

அந்த மாத இதழ் வேலையில்தான் தேதி என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். அப்போது அச்சடித்த பிரதியைத் தணிக்கை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்கள் பார்த்து, இந்தப் பக்கத்தைக் கிழி, அந்தப் பத்தியை மறை என்பார்கள். கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் இதழ்களில் ஒவ்வொன்றாகப் புரட்டி, சொன்ன வரிகள் மேல் வெள்ளி நிற மை பூசுவோம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே எழுத்து மங்கலாகத் தெரியும், வாசகர்கள் அப்படியும் படிக்கப் பார்ப்பார்கள். முன்தணிக்கையை எடுத்தது 2012 ஆகஸ்ட் 20-ல். அதற்குப் பிந்தைய கதை உனக்கே தெரியும், இதில் எழுத வேண்டாம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எடிட்டர் ஒரு எழுத்தாளரிடம் 'ஐந்தாம் தேதி' என்று சொல்லும்போது அதற்குள் எங்கள் நாட்களும் அடக்கம். கோர்க்க மூன்று நாள், புரூஃபுக்கு இரண்டு நாள், மிஷின், மடிப்பு, தையல், தணிக்கை ஆபீசில் எத்தனை நாள் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். எழுத்தாளர்களுக்கும் இது தெரியும். 'ஐந்து என்று சொன்னால் எட்டு வரை தாங்கும்' என்று கணக்குப் போடுவார்கள். தாங்கும், வாஸ்தவம்தான். ஆனால் அந்த மூன்று நாள் எங்கள் தூக்கத்திலிருந்து போகும்.

சரி, அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒருவர் அபாரமாக எழுதுவார். கோர்க்கும்போதே நான் கை நிறுத்திப் படித்திருக்கிறேன். ஆனால் எப்போது ஆள் அனுப்பினாலும் 'நாளைக்கு' என்பார். அவருக்காக நாலு பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு கடைசி ராத்திரி வரை காத்திருப்போம். இன்னொருவர் நடுத்தரமான எழுத்தாளர்தான். அவருக்கும் தாமதம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் கெடுவுக்கு நாலைந்து நாள் முன்னாலேயே தானே டீக்கடைக்கு வந்து உட்கார்ந்து, "இந்த மாதம் முடியாது, வேறு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் தருகிறேன்" என்று சொல்லிவிடுவார். ஃபோர்மேன் வேறு கதையை எடுத்து என் கையில் கொடுப்பார், வேலை நடக்கும். எடிட்டர் கடைசிவரை யாரை வைத்திருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். அவருக்குக் கதை வராமல் இல்லை. வரவில்லை என்று சொல்ல வாய்தான் வரவில்லை.

ஊரார் கதை எதற்கு, என் கதையையே சொல்கிறேன். அம்மாவுக்குக்கூட இது முழுதாகத் தெரியாது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. முதலாளி என்னை நம்பி ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையை முழுசாக விட்டிருந்தார். சித்திரைக் கடைசி முகூர்த்தம். கோர்த்தாயிற்று, புரூஃபும் சரி, மிஷினில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா விடுமுறை முடிந்து கதவைத் திறந்து பார்த்தால் ட்ரெடில் அச்சு மிஷினில் மை தடவும் ரோலர் உருகி ஒரு பக்கமாக வழிந்து நிற்கிறது. அந்தக் காலத்து ரோலர் வச்சிரப் பசையும் வெல்லப்பாகும் காய்ச்சி வார்த்தது. ஏப்ரல் வெயிலில் மூடிய அறைக்குள் பத்து நாள் கிடந்தால் தாங்குமா? கழற்றி வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். புதிதாக வார்த்துக் கொடுப்பவர் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

பெண்ணின் அப்பா தினமும் வருவார். நான் தினமும் "நாளைக்குத் தந்துவிடுகிறேன் ஐயா" என்பேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ரோலர்காரர் இன்றைக்கு வந்துவிடுவார் என்று ஒவ்வொரு நாளும் உண்மையாகவே நம்பினேன். மூன்றாம் நாளிலிருந்து அவர் குடையைத் தெருமுனையில் பார்த்ததும் பின்கட்டுக்குப் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தேன். உன் மெயில் விஷயம் கேட்டதும் எனக்கு அந்தப் பின்கட்டு ஞாபகம்தான் வந்தது. மண்ணெண்ணெய் வாடை, இருட்டு, வெளியே அவர் என்னைப் பற்றி விசாரிக்கும் குரல்.

பத்திரிகை கைக்குப் போனது கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு. அதற்குள் அவர் தாம்வே, இன்செயின், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லின் என்று வீடு வீடாக நடந்து வாயாலேயே அழைத்து முடித்திருந்தார். கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். அச்சு நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். அப்புறம், "முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு இடத்தில் கொடுத்திருப்பேனே, தம்பி" என்றார். அவ்வளவுதான். பணத்தையும் குறைக்காமல் கொடுத்தார். அடித்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

கல்யாணம் நகராது, நாவல் நகரும். ஆகவே உன் நிலைமை என்னுடையதைவிட நூறு மடங்கு மேல். ஒரு வரி போட்டால் போதும்: இவ்வளவு முடிந்திருக்கிறது, இவ்வளவு பாக்கி, இந்தத் தேதிக்குத் தருகிறேன். காரணம் நீட்டி எழுதாதே. நீட்டினால் அதுவே ஒரு சிறுகதையாகி, அதைத் திருத்தவும் ஒரு நாள் போகும். தேதி சொல்லும்போது உனக்குத் தோன்றும் நாளோடு பாதியைக் கூட்டிச் சொல். எங்கள் ஃபோர்மேன் எந்த எழுத்தாளர் வாக்குக் கொடுத்தாலும் மனசுக்குள் அந்தக் கூட்டலைப் போட்டுவிடுவார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"உட்கார்ந்தா ஒரு வரிகூட வரல" என்றும் சொன்னாயே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். எங்களிடம் தமிழ் எழுத்து ரொம்பக் குறைவு. அதுவும் பழைய வார்ப்பு. தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து எத்தனையோ வருஷம் கழித்தும், நாங்கள் யானைத் தும்பிக்கை மாதிரி சுருட்டிய பழைய 'லை'யை வைத்துத்தான் அடித்துக்கொண்டிருந்தோம். கோயில் மலர் முப்பத்திரண்டு பக்கம் வரும். நாலு பக்கம் கோர்ப்பதற்குள் 'லை' தீர்ந்துவிடும், 'னை' தீர்ந்துவிடும். முருகன் கோயில் மலரில் மலையும் வேலையும் இல்லாமல் எப்படிக் கோர்ப்பது? அதனால் அந்த நாலு பக்கத்தை அடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எழுத்தைப் பிரித்து அதனதன் அறையில், கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த நாலு பக்கத்துக்கு எழுத்து கிடைக்கும். முப்பத்திரண்டு பக்கமும் ஒன்றாக நின்றதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, தைத்த புத்தகம் கைக்கு வரும்வரை.

நீ முந்நூறு பக்கத்தையும் ஒரே நேரத்தில், எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கில் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று படுகிறது. நாலு பக்கத்தை முடித்து எடிட்டருக்கு அனுப்பிவிடேன். முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்களுக்கும் பதினேழாம் பக்கம் முதலில் வரும், மூன்றாம் பக்கம் அப்புறம் வரும். அந்தப் படகுத்துறைக் காட்சியை உனக்கு நன்றாகத் தெரியும் என்றாயே, அதையே எழுது. மனநிலை வரட்டும் என்று நீங்கள் சொல்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் சில நாள் கோர்க்கப் பிடிக்காது, பத்து வரி தாண்டியதும் கை தானாக ஓடும்.

உன் தாத்தா சென்னை வார இதழ்களிலிருந்து தொடர்கதையை மட்டும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாரே, பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது. காலையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் அத்தியாயத்துக்குப் பதிலாக, ஆசிரியருக்கு உடல்நலமில்லை, இந்த வாரம் தொடர் இல்லை என்று இரண்டு வரி. தாத்தா அதையும் தூக்கிப் போடாமல் சேர்த்துத் தைத்திருக்கிறார். நானும் அந்தக் கதையை நாலைந்து முறை படித்தவன், அப்படி ஒரு வாரம் விட்டுப்போனது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அம்மா லப்பெத், அந்த ஊறவைத்த தேயிலையை, கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அங்கே வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். ராத்திரி முழுக்க காபி குடிக்காதே என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், எத்தனை நேரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. நீ முதலில் அந்த மெயிலைத் திற.

அன்புடன்,
அப்பா