அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

எங்கள் பிள்ளைகளின் சமூக அறிவியல் புத்தகத்தைத் தயாரித்த குழுவினருக்கு,

வணக்கம். ஆப்பிரிக்கப் பாடம் பற்றி ஏற்கெனவே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், இரண்டு தடவையும் 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது, அதனால் பழைய கதை வேண்டாம். போன வாரம் என் மகள் விடைத்தாளோடு வந்தாள். "ஆப்பிரிக்கா பின்தங்கியிருக்கக் காரணம் என்ன?" ஐந்து மதிப்பெண். குடிசை வரி பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில், 'புத்தகத்தில் உள்ளதை எழுதவும்'.

புத்தகத்தில் உள்ளது, "வளம் இருந்தும் பயன்படுத்தத் தெரியாத மக்கள்".

குடிசை வரியை அவளுக்குச் சொன்னது நான்தான். இன்றைய ஜிம்பாப்வேயில் 1894-இல் ஆங்கிலேயர்கள் குடிசைக்கு 10 ஷில்லிங் என்று வரி போட்டார்கள். வீட்டில் மூன்று குடிசை என்றால் மூன்று வரி. வரிக்குக் காசு வேண்டுமென்றால் ஆள் சுரங்கத்துக்கோ வெள்ளைக்காரன் பண்ணைக்கோ கூலிக்கு வந்துதானே ஆக வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் பலர் போகவில்லை. மக்காச்சோளம் விளைவித்து, அந்தச் சுரங்கங்களுக்கே விற்று, வரியைக் கட்டிவிட்டு ஊரிலேயே இருந்தார்கள். அப்புறம் என்ன நடந்தது? 1930-இல் சட்டம் போட்டு ஏறத்தாழ பாதி நிலத்தை வெள்ளையருக்கு ஒதுக்கினார்கள். அதுவும் போதாமல், அடுத்த சில வருடங்களில் கறுப்பின விவசாயியின் சோளத்துக்குக் குறைந்த விலை கிடைக்கிற மாதிரி இன்னொரு சட்டம். பயன்படுத்தத் தெரியாதவனை அடக்க எதற்கு ஐயா இத்தனை சட்டம்?

புத்தகத்தில் 'பயன்படுத்தத் தெரியாத மக்கள்' என்கிற அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கானாவைப் பாருங்கள். அங்கே கோக்கோவைப் பரப்பியது சிறு விவசாயிகள், 1911 வாக்கில் உலகத்திலேயே அதிகம் விளைவித்தது அவர்கள் நாடு. போட்ஸ்வானா 1966-இல் விடுதலையானபோது உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்று, வைர வருமானத்தை ஒழுங்காகக் கையாண்டு மேலே வந்தது. உங்கள் புத்தகத்தில் இந்த இரண்டும் காங்கோவும் எல்லாமே ஒரே 'ஆப்பிரிக்கா'. 54 நாடுகளுக்கு ஒன்றரைப் பக்கம், அதில் ஒட்டகச்சிவிங்கிப் படம் இரண்டு. 1884-இல் ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் கூடி அந்தக் கண்டத்தைப் பங்கு போட விதி வகுத்ததற்கு அரை வரி. ஒட்டகச்சிவிங்கிக்கு இருக்கிற மரியாதைகூட அங்கே மனிதருக்கு இல்லை. நம்மையும் சோம்பேறிகள் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் ஆங்கிலேயர்கள் போனார்கள், அதைப் படித்து நமக்கு எப்படி எரிந்தது என்பது மறந்துவிட்டதா?

சரி, கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். ஆசிரியர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, விடைக்குறிப்பில் இருந்ததைத்தான் அவர் பார்த்தார். மகளுக்கு மதிப்பெண்ணும் வேண்டாம். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். இடம் இல்லை என்றால் ஒரு ஒட்டகச்சிவிங்கியைக் குறைத்துக்கொண்டு, அங்கே அந்த மக்காச்சோளக் கதையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அப்பா